பொறி பழகும் கைகள்

நுழையும்முன்

தமிழில் 'பொறி' என்னும் சொல் தீத்துளியையும் குறிக்கும், எந்திரத்தையும் குறிக்கும். பெட்ரோலில் ஓடும் ஊர்திக்குள் இவ்விரண்டும் ஒன்றாக இருக்கின்றன. தீயைத் தொழிலாகக் கொண்ட விருதுநகர் மாவட்டத்திலிருந்து நோக்கினால், ஊர்திமீது கொண்ட விருப்பம் கல்வியாகவும் தொழிலாகவும் மாறும் வழிகள் பல புலப்படும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசிச் சாலைகளில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிய சரக்குந்துகள் அணிவகுத்துச் செல்லும். சாலையோரம் நிற்கும் சிறுவர்களுள் சிலரது கண் பெட்டிகள்மீது படிவதில்லை. சக்கரங்கள் எத்தனை, எந்த நிறுவனத்தின் ஊர்தி, மேடேறும்போது பொறி எழுப்பும் ஓசை எத்தகையது என்பவற்றையே அவர்கள் கவனிப்பர். ஓசையை மட்டும் கேட்டு ஊர்தியின் பெயரைச் சொல்லிவிடுவோரும் உண்டு. வீட்டிலுள்ளோர் இவ்விருப்பத்தைப் பெரும்பாலும் வீண்வேலை என்றே எண்ணுவர். மகிழுந்து வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதன்மீது பற்று எதற்கு என்று அவர்கள் கேட்பது இயல்பே. நூறாண்டுகளுக்கு முன் கோவைப் பகுதியில் வாழ்ந்த ஓர் இளைஞரின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது.

பிரித்துப் பார்த்தவர்

ஜி.டி.நாயுடு 1893இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' என்னும் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்ட நாள் அவருடைய வாழ்வைத் திருப்பியது. மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டியை அடைய விரும்பினார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். எது எதனோடு பொருந்துகிறது, எதை எடுத்தால் எது நின்றுபோகிறது என்பதைக் கைகளே அவருக்குக் கற்பித்தன. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கினார். அது பின்னாளில் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளில் பெற்ற அறிவு மின் மோட்டார் முதலிய கருவிகளின் ஆக்கத்துக்கும் இட்டுச்சென்றது. 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தோன்றவும் அவர் துணைநின்றார். பள்ளியை விட்டுப் பாதியில் நீங்கியவர் பிறருக்குக் கல்விக்கூடம் அமையக் காரணமானது வியப்புக்குரியது. எனினும், படிக்காமலே உயரலாம் என்பதற்கு அவரைச் சான்றாகக் காட்டுவது பிழையாகும். ஏட்டில் கிடைக்காததை அவர் எந்திரத்தில் விடாது படித்தார் என்பதே சரி.

பந்தயமும் பட்டறையும்

அதே கோவையில் பிறந்த எஸ்.கரிவரதன் பந்தய ஊர்தி ஓட்டுவதில் பெயர் பெற்றவர். வெளிநாட்டுப் பந்தய ஊர்திகளின் விலை நம் நாட்டு இளைஞர்களுக்கு எட்டாததாக இருந்தது. எனவே, அவர் தம் பட்டறையிலேயே ஊர்திகளை வடிவமைத்தார். தெருவில் ஓடிய மாருதி 800 மகிழுந்தின் பொறியைப் பொருத்தி, 'ஃபார்முலா மாருதி' என்னும் ஒற்றையிருக்கைப் பந்தய ஊர்தியை உருவாக்கினார். தொடக்கத்தில் அவ்வகை ஊர்தியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த ஊர்திகளைக் கொண்டுவந்து போட்டியிடும் 'ஃபார்முலா பாரத்' நிகழ்வும் அங்கு நடைபெற்றுள்ளது. அப்போட்டியில் வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. செலவுக் கணக்கு, வடிவமைப்பு விளக்கம், வணிகத் திட்டம் ஆகியவற்றையும் நடுவர் முன் எடுத்துரைக்க வேண்டும். ஆகவே, கணக்குப் பதிவியல் படித்தவருக்கும் தெளிவாகப் பேசத் தெரிந்தவருக்கும் ஊர்தித் துறையில் இடமுண்டு.

தீயை அறிந்த ஊர்

மகிழுந்துக்கும் பட்டாசுக்கும் உறவு உண்டு என்றால் பலர் நம்பமாட்டார். மகிழுந்தின் காற்றுப்பையை நோக்கினால் அவ்வுறவு விளங்கும். ஊர்தி வன்மையாக மோதியதும் உணரி அதனை அறிந்து மின்குறிப்பு அனுப்புகிறது. சிறு குப்பிக்குள் உள்ள பற்றவைப்பு மருந்து எரிகிறது. அது அடுத்துள்ள வேதிப்பொருளை எரியச் செய்ய, அதிலிருந்து வெளிப்படும் வளி பையை நிரப்புகிறது. இவை யாவும் கண்ணிமைப்பதற்குள், ஏறத்தாழ 0.03 நொடியில் முடிந்துவிடுகின்றன. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாயிற்று.

மருந்தில் ஈரம் ஏறினால் என்ன நேரும் என்பதைச் சிவகாசித் தொழிலாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளில் பயன்பட்ட அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஆட்பட்டுத் தன்மை திரிந்தது. சில ஊர்திகளில் வளிக்குப்பியே வெடித்து உலோகச் சிதறல்கள் பாய்ந்து, காக்க வேண்டிய கருவி உயிரைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான மகிழுந்துகள் திரும்பப் பெறப்பட்டன. வேதியியலில் தேர்ந்த ஒருவர் ஊர்தித் துறையில் ஆற்றக்கூடிய பணி எத்தகையது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள தானூர்தி ஆய்வு மையம் ஊர்திகளைச் சோதித்துப் பார்க்கும் இடமாகும். ஊர்தியை நேசித்து வந்தவர்க்கு அதனை மோதி நொறுக்கிப் பார்ப்பதே நாள்தோறும் செய்யும் பணியாக அமைவதும் உண்டு.

படிப்பும் பணியும்

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் ஊர்திப் பொறியியல் ஒரு பாடமாகவே உள்ளது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி ஈராண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் பலதொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயப் படிப்பு மூன்றாண்டு. பட்டயம் முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி., ஊர்திப் பொறியியலை அந்நாளிலேயே தனிப் பிரிவாகக் கற்பித்தது. பட்டயமும் பணிமனை அனுபவமும் ஓட்டுநர் உரிமமும் உடையோர் மோட்டார் வாகன ஆய்வாளர் பணிக்கு முயலலாம். இப்படிப்புகள் எவையும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

பட்டாசு ஏற்றிச் செல்லும் சரக்குந்தின் ஓட்டுநர் பணியையும் எளிதென எண்ணிவிடலாகாது. இடர்மிகு பொருள்களை ஏற்றிச் செல்வோர் தனிப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. சரக்கின் தன்மையையும் விபத்தின்போது செய்ய வேண்டியவற்றையும் கூறும் தாள்களை ஓட்டுநர் படித்தறிந்தாக வேண்டும் அல்லவா? ஊர்தியின் புகைபோக்கியில் தீப்பொறி தடுப்பான் பொருத்துவதும் கட்டாயம். அதனைச் செவ்வையாகப் பொருத்தும் மெக்கானிக்கின் கையில் ஓட்டுநரின் உயிரும் சாலையோர ஊர்களின் உயிரும் இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் மின்மகிழுந்து ஆலை ஒன்று திறக்கப்பட்டது. மின்மகிழுந்தில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி இல்லை. ஆயினும், பல மின்மகிழுந்துகளில் மோதல் நேர்ந்த கணத்தில் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிக்க ஒரு சிறு உருகி வைக்கப்படுகிறது. அதனுள் இருப்பது கடுகளவு வெடிமருந்து.