தாளணி கொண்ட தளபாடங்கள்

நல்ல மரம் எல்லார்க்கும் எளிதிற் கிடைப்பதன்று. ஆதலின், விலை குறைந்த மரத்தில் இயற்றிய தளபாடத்துக்கு உயர்ந்த தோற்றம் அளிக்கும் வழிகளை மக்கள் பண்டுதொட்டே நாடிவந்துள்ளனர். உயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டுதல் அவற்றுள் ஒன்று. ஓவியந் தாங்கிய தாளை ஒட்டுதல் மற்றொன்று. பின்னையது வெறும் போலியா, அன்றித் தனக்கெனத் தகுதி வாய்ந்த கலையா என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை தருகின்றது.

பதினேழாம் நூற்றாண்டிலே சீனத்திலும் யப்பானிலும் இருந்து சென்ற அரக்குப் பேழைகள் ஐரோப்பியச் செல்வரின் உள்ளத்தைக் கவர்ந்தன. அரக்கு என ஒரே பெயரால் வழங்கினும், அது இந்திய அரக்கைப் போலப் பூச்சியினின்று பெறப்படுவதன்று. ஒருவகை மரத்தின் பாலாகும். ஈரக்காற்றிலே இறுகி வலுப்பெறும் அப்பாலை நெடுந்தூரம் கொண்டுசெல்லுதல் அரிதாயிற்று. எனவே, ஐரோப்பியக் கைவினைஞர் வேறு பிசின்களைக் கொண்டு அதன் பளபளப்பைப் பெற முயன்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிசு நகரத்தார் இம்முயற்சியை எளிமையாக்கினர். மென்மரப் பலகையில் முதலிற் சுண்ணமும் பசையும் கலந்து பூசி, அதன்மேல் வண்ணந் தீட்டினர். பின்னர் அச்சிட்ட சித்திரங்களுக்கு நிறமூட்டி, ஓரம் பிசகாது கத்தரித்து ஒட்டினர். இறுதியாக, தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத வரையில் வார்னிசைப் பன்முறை பூசினர். இவ்வேலைப்பாட்டுக்கு 'லாக்கா போவரா', அதாவது 'ஏழை அரக்கு' என்று பெயர். இதற்கு வேண்டிய சித்திரத் தாள்களைப் பசானோ நகரின் ரெமொந்தினி குடும்பத்து அச்சகம் பெருந்தொகையாக வெளியிட்டது. இங்கிலாந்திலோ இது மகளிரின் பொழுதுபோக்காய்ப் பரவிற்று. 1760 ஐ அடுத்து இலண்டனில் றொபேட் சேயர் வெளியிட்ட நூலொன்றில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சித்திரங்கள் இதற்கென அமைந்திருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலை தொழிற்சாலையுட் புகுந்தது. 1912 இல் அமெரிக்கப் பொறியியலாளரான ஹேர்பேட் பேபர், டானியல் ஓகொனர் ஆகியோர் மின்காவலியாகப் பயன்பட்ட மைக்காவுக்குப் பதிலாகப் பிசினூட்டிய தகடொன்றை ஆக்கினர். 'மைக்காவுக்குப் பதில்' என்னும் பொருள்பட அதற்குப் 'போமைக்கா' எனப் பெயரிட்டனர். மின்கருவிக்கென எழுந்த அத்தகடு பின்னர் மேசைக்கும் அலுமாரிக்கும் மேலணியாயிற்று. மைக்காவுக்குப் பதிலாக வந்த அவ்வகைத் தகட்டைத் தமிழ்நாட்டுத் தச்சர் 'மைக்கா' என்றே வழங்குதல் சுவையான சொல்வரலாறாகும்.

இத்தகட்டின் பெரும்பகுதி தாளே. அடியிற் பீனோலிக் பிசினில் தோய்த்த தடித்த பழுப்புத் தாள்கள் பல அடுக்கப்படும். அவற்றின்மேல் மரவரியோ பிற கோலமோ அச்சிட்ட தாள் மெலமைன் பிசினூட்டி வைக்கப்படும். அதற்கும் மேலாக, தேய்வினின்று கோலத்தைக் காக்கும் மெல்லிய தாளொன்று இடப்படும். இவ்வடுக்கு 130 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகும்போது பிசின் உருகிப் பரவி, மீண்டும் உருகாதபடி இறுகும். மேல்தாளும் கண்ணாடிபோலத் தெளிவடையும். வெனிசுக் கைவினைஞர் பல நாளிற் பூசிய வார்னிசின் பணியை ஈண்டு ஓர் அழுத்தமே ஆற்றுகின்றது.

எனினும், இதற்குக் குறைகளும் உள. ஒருபுறம் மட்டும் ஒட்டிய பலகை ஈரப்பத மாறுதலால் வளையும். ஆதலின் மறுபுறமும் ஈடாக ஒரு தாள் வேண்டும். விளிம்பை மூடாதுவிடின் நீர் உட்புகுந்து பலகையை ஊதச்செய்யும். மரத்திற் பட்ட வடுவை இழைத்து நீக்கலாம். தாளிற் பட்ட வடு நீங்காது. ஆகவே, தாளணிந்த பலகையை முழுமரமெனக் கூறி விற்பவன் வாங்குவோனுக்கு இழைப்பது தோற்ற மயக்கம் மட்டுமன்று, பொருளிழப்புமாகும்.

குற்றம் அவ்வாறு கூறுவோனதேயன்றித் தாளினதன்று. 1981 இல் மிலான் நகரில் எற்றோரே சொற்சாசும் குழுவினரும் காட்சிக்கு வைத்த தளபாடங்களிலே தாளணி மரத்தைப் போல நடிக்கவில்லை. தனக்குரிய நிறங்களோடும் கோலங்களோடும் வெளிப்படையாய் விளங்கிற்று. மரமெனக் காட்டிக்கொள்ளுமிடத்துப் போலியாகும் தாள், தாளாகவே நிற்குமிடத்துக் கலையாகின்றது.