இடம் மாறும் சிப்பாயும் எடைக் கணக்கும்

ராணுவத்தில் ஆள் சேர்க்கும்பொழுது உயரத்தையும் எடையையும் மார்பளவையும் பார்ப்பார்கள் என்பது யாவரும் அறிந்ததே. சேர்ந்த பிறகும் அந்தக் கணக்கு முடிவதில்லை. உரிய காலங்களில் எடை பார்ப்பதும், மிகுந்திருந்தால் குறைக்கும்படி தவணை கொடுப்பதும் இக்காலப் படைகளில் வழக்கமாகிவிட்டன. அவ்வாறு தவணையில் இருக்கும் சிப்பாய் வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அவருடைய பதவி உயர்வும், சில வேளைகளில் பிழைப்புமே அதைப் பொறுத்திருக்கின்றன.

இதனை ஆராய்வதற்கு ஜொகூர் நல்ல எடுத்துக்காட்டு. மலேசியாவில் தனக்கெனச் சொந்தப் படை வைத்திருக்கும் மாநிலம் இது ஒன்றே. பிரிட்டனுடன் 1885-ல் செய்துகொண்ட உடன்படிக்கையை அடுத்து, சுல்தான் அபுபக்கர் 1886-ல் நிறுவிய ஜொகூர் ராணுவப் படை இன்றும் சுல்தானின் ஆணைக்கு உட்பட்டு இயங்குகிறது. அதனோடு கூட்டரசு ராணுவத்தின் முகாம்களும் இங்கே பல உள்ளன. மெர்சிங்கில் கமாண்டோக்களின் முகாம் இருக்கிறது. குளுவாங்கில் ராணுவ விமானப் பிரிவு இருக்கிறது. உலு திராமில் போர்ப் பயிற்சி நிலையம் இருக்கிறது. காட்டில் மூட்டை சுமந்து நடப்பவருக்கும், பட்டறையில் இயந்திரம் பழுது பார்ப்பவருக்கும், அலுவலகத்தில் கோப்பு எழுதுபவருக்கும் வேலை ஒன்றல்ல. ஆகவே உடலும் ஒன்றாக இருப்பதில்லை.

எடையை மதிப்பிடுவதற்கு உலகெங்கும் வழங்கும் அளவுகோல் உடல் எடைக் குறியீட்டெண் என்பதாகும். கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்டலே 19-ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது; இப்போதைய பெயரை 1972-ல் கொடுத்தவர் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ். 1.70 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவருக்குக் குறியீடு ஏறக்குறைய 27.7 ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவில் 25-க்கு மேற்பட்டது மிகை எடை. ஆசிய மக்களுக்கு 23-லேயே விழிப்பு வேண்டும் என்றும், 27.5-ல் ஆபத்து மிகும் என்றும் அந்நிறுவனத்தின் வல்லுநர் குழுவின் கருத்து 2004-ல் வெளியாயிற்று.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு. தசையையும் கொழுப்பையும் அது பிரித்தறியாது. வலுவேறிய கமாண்டோவும், தொப்பை விழுந்த எழுத்தரும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். ஆகவேதான் சில படைகள் எடை மிகுந்தவரின் வயிற்றுச் சுற்றளவையும் நாடாவால் அளந்து பார்க்கின்றன.

இனி, இடமாற்றத்திற்கு வருவோம். கனடிய ராணுவம் 1943-ல் வகுத்த முறையைத் தழுவி, போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் 'புல்ஹீம்ஸ்' என்ற மருத்துவத் தர முறையை அமைத்துக்கொண்டது. உடற்கட்டு, கைகள், கால்கள், செவி, கண்கள், மனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுவது அம்முறை. மலேசிய ராணுவ மருத்துவத் துறையிலும் அது வழங்கி வந்துள்ளது. இந்தத் தரம் மருத்துவ ஏட்டில் பதிவாகி, சிப்பாய் போகுமிடமெல்லாம் உடன் செல்கிறது. ஆனால் தரம் என்பது அன்றைய நிலையை மட்டுமே காட்டும். "இவர் நான்கு மாதமாக முயன்று 5 கிலோ குறைத்திருக்கிறார்" என்ற செய்தி அந்த எண்ணில் இராது. அது பழைய பிரிவின் மாதாந்தரப் பதிவேட்டில் இருக்கிறது.

அப்பதிவேடு பின்தங்கினால் இருவகை அநீதி நேரும். முயன்று இளைத்தவரைப் புதிய தளபதி புதுக் குற்றவாளியாகக் கருதக்கூடும். முயலாதவரோ, ஒவ்வொரு மாற்றத்திலும் புதுத் தவணை பெற்றுக் காலத்தைக் கடத்திவிடலாம்.

அமெரிக்கத் தரைப்படையின் 600-9 எனும் விதி இதற்கு ஒரு வழி கண்டது. 2013, 2019 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில், எடைக் குறைப்புத் திட்டத்தில் உள்ளவர் மாற்றலாகும்போது, பழைய தளபதி அவருடைய நிலையைக் குறிப்பாக எழுதிக் கோப்பைப் புதிய தளபதிக்கு அனுப்ப வேண்டும். புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மாதம் 3 முதல் 8 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 1.4 முதல் 3.6 கிலோ வரை, அல்லது உடற்கொழுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அது திருப்தியான முன்னேற்றம். திட்டத்தில் இருக்கும்வரை பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படும்.

கோப்பு வந்து சேர்ந்தாலும் அளவை முறை ஒன்றாக இருத்தல் வேண்டும். ஜொகூரின் வெயிலில் அணிநடை முடித்த சிப்பாய், ஒரு லிட்டர் வியர்வை சிந்தினால் ஒரு கிலோ குறைந்து காட்டுவார். நீர் அருந்தியதும் அது திரும்பிவிடும். பூட்ஸோடு நிறுப்பதற்கும் வெறுங்காலோடு நிறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆகையால் காலையில், வெறும் வயிற்றில், இலேசான உடையில், சோதிக்கப்பட்ட தராசில் நிறுப்பதே நேர்மையாகும்.

வேலை மாறுவதையும் கருத வேண்டும். காட்டுப் பயிற்சியிலிருந்து மேசை வேலைக்கு வந்தவர், பழைய அளவிலேயே உண்டால் நாளொன்றுக்கு 300 கலோரி மிஞ்சுகிறது என்று கொள்வோம். மாதத்திற்கு 9,000 ஆயிற்று. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி; ஆகவே மாதம் ஒரு கிலோவுக்கு மேல் ஏறும். அவர் சோம்பேறியாகிவிட்டார் என்பதல்ல. உணவு மாறாமல் உழைப்பு மாறிற்று என்பதே காரணம். வந்த முதல் வாரத்திலேயே எடை பார்த்து, உணவுக்கும் பயிற்சிக்கும் வழி சொல்லிவிட்டால் பின்னர் தண்டனைக்கு வேலையில்லை.

இது முகாமுக்குள் அடங்கும் செய்தியன்று. மலேசியாவில் வயது வந்தோரில் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2019-ல் நூற்றுக்கு 50.1 பேர், 2023-ல் நூற்றுக்கு 54.4 பேர் என்று தேசிய ஆய்வு காட்டிற்று. இனங்களில் இந்தியரிடையே இது மிகுதி என்பதும் 2019-ஆம் ஆண்டு ஆய்வு கண்ட உண்மை. தோட்டத்து உழைப்பை விட்டு நகரத்து நாற்காலிக்கு வந்த குடும்பங்களுக்கும் சிப்பாயின் கணக்கே பொருந்தும். மருத்துவரையோ மருத்துவமனையையோ மாற்றும்போது பழைய எடைக் குறிப்பையும் இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோவது நன்று. இன்றைய எடையை எந்தத் தராசும் சொல்லிவிடும். அது ஏறி வந்ததா, இறங்கி வந்ததா என்பதைப் பழைய சீட்டுதான் சொல்லும்.