செல்போனுக்குச் சார்ஜர் வாங்கப் போகிறீர்களா?

செல்போன் இன்று பல வீடுகளில் இருக்கிறது. வங்கியில் பணம் வந்தால் அதில் செய்தி வருகிறது. சமையல் எரிவாயு உருளைக்கு அதில் பதிவு செய்கிறார்கள். வெளியூரில் வேலை செய்யும் மகனின் முகத்தை அதில் பார்க்கிறார்கள்.

வேலைக்கும் படிப்புக்கும்கூட அது வேண்டியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஊட்டச்சத்து இயக்கத்தைத் தொடங்கியது. அதன் கீழ் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஸ்மார்ட்போன் தரப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஹரியானா அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டேப்லெட் கொடுத்தது. டேப்லெட் என்பது பலகை போன்ற பெரிய திரை உள்ள கருவி.

போன் வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பல கடைகள் ஏறி இறங்குகிறோம். ஆனால் சார்ஜர் வாங்கும்போது அப்படிச் செய்வதில்லை. பேருந்து நிலையத்திலோ வாரச் சந்தையிலோ கிடைத்ததை வாங்கிவிடுகிறோம். விலை குறைவு என்பதை மட்டும் பார்க்கிறோம்.

இது ஆபத்தானது. ஏன்?

சார்ஜர் என்ன வேலை செய்கிறது?

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் வரும் மின்சாரம் 230 வோல்ட். இது உயிரைக் கொல்லும் மின்சாரம். செல்போனுக்கு அவ்வளவு தேவையில்லை. பெரும்பாலும் 5 அல்லது 9 வோல்ட் போதும்.

230 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருவதுதான் சார்ஜரின் வேலை. அதற்குள் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் கொல்லும் மின்சாரம். மறு பக்கம் போனுக்குப் போகும் மின்சாரம். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. நல்ல சார்ஜரில் இவற்றுக்கு இடையே போதிய இடைவெளி இருக்கும். மின்சாரம் தாவாதபடி காப்பு இருக்கும்.

மட்டமான சார்ஜரில் செலவை மிச்சம் பிடிக்க இந்தக் காப்பைக் குறைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காப்பு கெட்டுப்போனால் 230 வோல்ட் நேரே ஒயர் வழியாக வந்துவிடும். அப்போது போனைக் கையில் வைத்திருப்பவர் மீது மின்சாரம் பாயும். காதில் இயர்போன் மாட்டியிருப்பவர் மீதும் பாயும்.

சார்ஜர் சிறிய பொருள்தான். ஆனால் உயிருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே அதுதான் நிற்கிறது.

சார்ஜர் மேல் என்ன எழுதியிருக்கிறது?

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்துகள் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் ரூபாய் நோட்டில் உள்ள எண்களைப் போன்றவைதான்.

முதலில் ‘இன்புட்’ என்ற வரி. உள்ளே போகும் மின்சாரத்தை அது சொல்கிறது. அங்கே 100–240 என்று இருக்கும். இந்தியாவின் 230 வோல்ட் இதற்குள் அடங்கும்.

அடுத்தது ‘அவுட்புட்’ என்ற வரி. போனுக்குப் போகும் மின்சாரத்தை அது சொல்கிறது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்பது போல இருக்கும்.

வோல்ட், ஆம்பியர் என்றால் என்ன? மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்கும். அந்த அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அந்த அளவு போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சார்ஜரின் சக்தி தெரியும். அதற்கு வாட் என்று பெயர்.

5 × 2 = 10 வாட்
9 × 2 = 18 வாட்

போனுடன் வந்த பழைய சார்ஜரில் உள்ள எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டு போங்கள். புதிய சார்ஜரின் எண்களோடு ஒப்பிடுங்கள்.

வாட் குறைந்தால் சார்ஜ் ஏற நேரம் அதிகமாகும். டேப்லெட்டின் பேட்டரி பெரியது. 5 வாட் சார்ஜரில் போட்டால் இரவு முழுவதும் ஆகலாம். வாட் சற்றுக் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. நல்ல சார்ஜராக இருந்தால், போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு குறியும் இருக்கும். பெரிய சதுரத்துக்குள் ஒரு சிறிய சதுரம். இரட்டைக் காப்பு உள்ள கருவி என்பது இதன் பொருள்.

‘ஆர்’ எண் எங்கே?

சிமெண்ட் மூட்டை, பிரஷர் குக்கர் ஆகியவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சார்ஜரில் இருப்பது வேறு முறை. ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதை அடுத்து 8 இலக்க எண் இருக்கும்.

இந்த எண்ணைத் தருவது இந்திய தர நிர்ணய அமைவனம். சுருக்கமாக பி.ஐ.எஸ். என்பார்கள். மின்னணுப் பொருள்களைச் சோதித்துப் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையிட்டது. பின்னர் அந்தப் பட்டியல் விரிந்தது. சார்ஜரும் பவர் பேங்கும் அதில் உள்ளன.

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதுமா? போலி எண்ணையும் அச்சடிக்க முடியும். அதனால் சரிபார்க்க வழி உண்டு. ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியைப் போனில் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். அதில் இந்த எண்ணைப் போட்டால், யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்ட எண் என்று காட்டும். சார்ஜரில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.

ஒயரின் முனை பொருந்துமா?

சார்ஜர் ஒயரின் முனை எல்லா போனுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பழைய போன்களில் ஒரு பக்கம் அகலமும் மறு பக்கம் குறுகலுமான முனை இருக்கும். ஒரு பக்கமாகத்தான் நுழையும். இது மைக்ரோ யூ.எஸ்.பி. புதிய போன்களில் நீள்வட்ட முனை இருக்கும். எப்படித் திருப்பினாலும் நுழையும். இது டைப்-சி. ஐபோனுக்கு நெடுநாள் தனி முனை இருந்தது. 2023-ஆம் ஆண்டு வந்த ஐபோன் 15 முதல் அதுவும் டைப்-சிக்கு மாறியது.

கடைக்குப் போகும்போது போனைக் கையோடு கொண்டு போங்கள். ஒயரை மாட்டிப் பாருங்கள். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது பொருந்தாத முனை. தளர்ந்து ஆடினாலும் வேண்டாம். அந்த இடம் சூடாகும்.

ஒயரின் மேலுறை கிழிந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். புதியது வாங்குங்கள்.

பவர் பேங்க் எத்தனை முறை ஏற்றும்?

மின்வெட்டு உள்ள ஊரிலும், நெடுந்தூர ரயில் பயணத்திலும் பவர் பேங்க் உதவும். அதன் மேல் 10,000 என்று பெரிதாக எழுதியிருக்கும். செல்போன் பேட்டரியில் 5,000 என்று இருக்கும். அப்படியானால் இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்று தோன்றும். அது சரியல்ல.

பவர் பேங்கின் உள்ளே இருக்கும் மின்சாரம் 3.7 வோல்ட். அதை 5 வோல்ட்டாக உயர்த்தித்தான் போனுக்கு அனுப்புகிறது. இந்த மாற்றத்தில் கணக்குக் குறைகிறது. கொஞ்சம் சூடாகவும் வீணாகிறது. 10,000 என்று எழுதியிருந்தால் சுமார் 6,000 தான் வெளியே வரும். பெட்டியில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று சிறிய எழுத்தில் இந்த உண்மை அளவு இருக்கும். பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். பெரிய பெட்டியில் வைத்து அனுப்பக்கூடாது. சரக்கு அறையில் அது தீப்பிடித்தால் அணைக்க ஆள் இருக்காது.

கவர், இயர்போன், மெமரி கார்டு

கவர்: போன் கீழே விழுந்தால் அடியைத் தாங்குவது கவர். ஓரங்கள் தடித்திருக்க வேண்டும். திரையைவிடச் சற்று மேலே எழும்பியிருக்க வேண்டும். பர்ஸ் போன்ற கவரில் சிலர் ஏ.டி.எம். கார்டையும் வைக்கிறார்கள். போன் தொலைந்தால் கார்டும் போய்விடும். ரகசிய எண்ணையும் எழுதி வைத்திருந்தால் பணமும் போகும்.

இயர்போன்: அதிகச் சத்தம் காதைக் கெடுக்கும். கெட்ட கேட்கும் திறன் திரும்பி வராது. ஒலியை 60 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாலையிலும் ரயில் தண்டவாளத்தின் அருகிலும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

மெமரி கார்டு: எல்லா போனிலும் இதற்கு இடம் இருக்காது. முதலில் அதைப் பாருங்கள். போலிக் கார்டில் வெளியே 128 என்று எழுதியிருக்கும். உள்ளே அவ்வளவு இடம் இருக்காது. போனில் போட்டாலும் 128 என்றே காட்டும்படி செய்துவிடுவார்கள். நிறையப் படங்களைப் போட்ட பிறகு பழைய படங்கள் திறக்காது. மற்ற கடைகளைவிட விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பில் வாங்குங்கள்

பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் விற்கக்கூடாது. தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர் இருக்க வேண்டும்.

பில் கேளுங்கள். “சின்னச் சாமானுக்கு எதுக்கு பில்?” என்று கடைக்காரர் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. பில் இருந்தால்தான் பிறகு நியாயம் கேட்க முடியும்.

பொருள் கெட்டுப்போய், கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் என்ன செய்வது? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். கட்டணம் இல்லை. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

வாங்கிய பின்பும் கவனம் வேண்டும்

தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம்.

ஈரக் கையால் தொடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது காதில் வைத்துப் பேசாதீர்கள்.

போனைக் கழற்றிய உடன் சுவிட்சை அணையுங்கள். தொங்கும் ஒயரைக் குழந்தை வாயில் வைக்கும்.

பேட்டரி உப்பினால் பயன்படுத்தாதீர்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

பொது இடத்தில் சார்ஜ் போடும்போது சொந்தச் சார்ஜரைப் பிளக்கில் மாட்டுங்கள். அங்கே தொங்கும் ஒயரில் போனை மாட்டாதீர்கள். அதன் வழியாகப் போனில் உள்ள தகவலைத் திருட முடியும். ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில் இந்த எச்சரிக்கை உள்ளது.

யாருக்காவது மின்சாரம் பாய்ந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் மட்டமான பொருள்கள் விற்கப்படுகின்றன. எழுத்தும் எண்ணும் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். விலையைக் கேட்கும் முன் பொருளைத் திருப்பிப் படியுங்கள்.

பயிற்சி

1. வீட்டில் உள்ள சார்ஜரை எடுத்துப் பாருங்கள். ‘ஆர்’ எண் இருக்கிறதா? அதை எழுதுங்கள்.
2. ஒரு சார்ஜரில் 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று உள்ளது. அது எத்தனை வாட்?
3. பவர் பேங்கில் 10,000 என்று இருந்தும் 5,000 பேட்டரியை இரண்டு முறை ஏற்ற முடியாதது ஏன்?
4. தேசிய நுகர்வோர் உதவி எண் எது? பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.