மனநோய் மாதிரி வரும் நோய்கள்

மனநோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. சர்க்கரை நோய்க்கு ஓர் அளவு உண்டு. காசநோய்க்குச் சளியில் கிருமி தெரியும். மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் அப்படி ஒன்று இல்லை. மனநல மருத்துவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். அதையெல்லாம் ஒதுக்கிய பிறகு, என்ன நடந்தது, எப்போது தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது என்பதை வைத்தே நோய்க்குப் பெயர் எழுதப்படுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வரையறைப்படி, மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும். இந்த நாள் கணக்கு நோயாளியிடம் பெரும்பாலும் இருக்காது. அது கூட வாழ்கிற மனைவியிடமோ கணவனிடமோதான் இருக்கும். பெயர் தவறாகிப் போவதும், பிறகு சரியாவதும் பல நேரம் அவர்கள் சொல்லும் விவரத்தில்தான் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் உள்ள அரியூரில், ஊரிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதகடிப்பட்டுப் பக்கம் கலிதீர்த்தாள்குப்பத்தில் இன்னொன்று. கோரிமேட்டில் ஜிப்மர். தமிழ்நாட்டின் பல கிராமங்களுக்கு வாய்க்காத வசதி இது. ஆனாலும் இங்கும் மருத்துவரிடம் வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு பெயர் வைத்தாகிவிடுகிறது: காத்து கருப்பு, செய்வினை, குடிக்கிறுக்கு. சிலர் ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். எந்த ஊர் ஓ.பி. கூட்டத்திலும் அவசரமாகச் சொல்லப்படும் கதையில் இந்தப் பெயர்தான் முதலில் வரும், தேதி வராது.

புதுவையில் சாராயமும் கள்ளும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கின்றன. அதனால் இந்த வட்டாரத்தில் மனநோய் என்று தவறாக எண்ணப்படும் நிலைகளில் முதலில் சொல்ல வேண்டியது குடியை நிறுத்தியதால் வரும் பிதற்றம். கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் ஒருவர் மூன்றாம் நாள் இரவு திடீரென்று போர்வையில் ஏதோ ஊர்வதாகப் பொறுக்க ஆரம்பிக்கிறார். உடம்பெல்லாம் வேர்க்கிறது, கை நடுங்குகிறது, மனைவியைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசுகிறார், இருப்பது மருத்துவமனை என்பது தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியம். மருத்துவத்தில் இது டெலிரியம், உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. தினமும் அதிகம் குடிப்பவர் நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இது வரும். கடைசியாகக் குடித்தது எப்போது என்ற கேள்விக்கு மனைவியால் நேரத்தோடு பதில் சொல்ல முடியும். மாமியார் மாமனார் எதிரில் குடும்ப மானம் கருதி அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவதும் உண்டு. மனச்சிதைவில் பெரும்பாலும் குரல்கள் கேட்கும். நாள், இடம், ஆள் தெளிவாகவே இருக்கும். கண்ணுக்கு உருவங்கள் தெரிந்து, நினைவும் மங்கி மங்கித் தெளிந்தால் கோளாறு உடம்பிலோ மூளையிலோ இருக்க வாய்ப்பு அதிகம். பல வருடக் குடியால் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோனவருக்கு நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகும். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அது முற்றவும் கூடும். முற்றினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும்.

கடந்த இருபது ஆண்டுகளில் மனநல மருத்துவத்தை அதிகம் உலுக்கிய கண்டுபிடிப்பு வேறொன்று. 2005-ல் ஜோசப் டால்மௌவும் உடன் ஆய்வு செய்தவர்களும் நான்கு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் மனநோய் போன்ற அறிகுறிகள், நினைவிழப்பு, மூச்சுத் தளர்வு. நால்வருக்கும் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி. 2007-ல் காரணம் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் எதிர்ப்பொருள், மூளை நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்குகிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து தற்காலிகமாக அடைப்பதும் இதே ஏற்பியைத்தான். கெட்டமின் பெற்று, அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் சிலர் கொஞ்ச நேரம் உளறுவது அதனால். கெட்டமின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். எதிர்ப்பொருளோ வாரக்கணக்கில் ஏற்பிகளை நரம்பணுவுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். 2008-ல் வெளியான 100 நோயாளிகளின் ஆய்வில் 77 பேர் முதலில் போய்ச் சேர்ந்தது மனநல மருத்துவரிடம்.

நோய் வரும் வரிசை கவனிக்கத்தக்கது. சில நாள் காய்ச்சல், தலைவலி. பிறகு தூக்கம் போகும். சந்தேகம், ஆத்திரம், சம்பந்தமில்லாத பேச்சு. அடுத்த வாரங்களில் பேச்சு சுருங்கிச் சுருங்கி நின்றுபோகும். வாய் எதையோ மெல்வதுபோல் அசையும், கை முறுக்கும், வலிப்பு வரும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கும். மனநோய்க்கான ஊசி போட்டால் சிலருக்கு உடம்பு விறைத்து நிலை மோசமாகும். முதல் வாரத்தை மட்டும் பார்த்த மருத்துவர் மனநோய் என்று எழுதியதில் வியப்பில்லை. அந்தக் காய்ச்சலை யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

2009-ல் நியூயார்க் போஸ்ட் நிருபர் சூசன்னா கஹாலனுக்கு வயது 24. அவருக்கும் இப்படித்தான் நடந்தது. ஒரு மருத்துவர் குடிதான் காரணம் என்றார். சுமார் ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தார். பிரிந்து வாழ்ந்த பெற்றோர் இருவரும் மாறி மாறி வந்து, ஒரே நோட்டில் அன்றன்று கண்டதை எழுதி வைத்தார்கள். கடைசியில் சுஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் காகிதத்தைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்ட சூசன்னா, 12 எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். இடது பாதி காலியாக இருந்தது. மூளையின் வலது பாதி வீங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. விலையுயர்ந்த ஸ்கேன்களில் சிக்காதது பேனாவில் சிக்கியது.

இந்நோயை உறுதிசெய்ய முதுகிலிருந்து தண்டுவட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தை மட்டும் பார்த்தால் தவறவிடலாம். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று மறுக்கும் குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். நரம்பணுக்கள் பெரும்பாலும் சாவதில்லை, ஏற்பிகள்தான் குறைகின்றன என்பதால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகிய சிகிச்சைகளால் மீட்சி கிடைக்கிறது. கட்டி இருந்தால் அகற்ற வேண்டும். 2013-ல் வந்த 577 பேரின் ஆய்வில், இரண்டு ஆண்டு தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலையை அடைந்தார்கள். சுமார் 12 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் மாதக்கணக்கில் மறதியும் எரிச்சலும் நீடிக்கும். அதை மறுபடி கிறுக்கு என்று வீட்டார் எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

மற்ற போலிகள் பல. தைராய்டு குறைந்து வரும் மனக்குழப்பத்தை 1949-லேயே ரிச்சர்ட் ஆஷர் 14 நோயாளிகளை வைத்து விவரித்தார். ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும். வைட்டமின் பி12 குறைவும் அப்படியே. வில்சன் நோயில் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும். படிப்பில் சரிவு, கோபம், எழுத்துக் கோணல் என்று தொடங்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 282 வில்சன் நோயாளிகளின் விவரத்தை 2007-ல் வெளியிட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய் என்பதால், சொந்தத்தில் பெண்ணெடுக்கும் குடும்பங்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் வரும் பிதற்றம் மனநோயாகவும் இருக்கலாம். கூடவே கடும் தலைவலியோ வலிப்போ இருந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். ஐம்பது வயதில் புதிதாக வெட்கம் விட்டுப்போய், வீட்டார்மேல் பாசம் வற்றி, இனிப்பையே தேடித் தின்னும் கணவருக்கு நெற்றிப்பொட்டு மூளைத் தேய்வு இருக்கக்கூடும். அமெரிக்காவில் 2011-ல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் முதலில் மனநோய்ப் பெயரைப் பெற்றிருந்தார்கள்.

மனநோய்தான், ஆனால் எந்த மனநோய் என்பதிலும் பிழை நேரும். அமெரிக்காவில் 2000-ல் இருதுருவ நோயாளிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேருக்கு முதலில் வேறு பெயர் தரப்பட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்குச் சரியான பெயர் கிடைக்கப் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆனது. சோர்ந்து கிடக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்கு முந்தைய வருடம் நான்கு இரவு தூங்காமல், கடன் வாங்கிப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிப்போட்டதை நோயாளி நல்ல காலமாக நினைக்கிறார். மனைவிக்குத்தான் அது உறுத்தும்.

மருந்தே நோய்போலத் தோற்றம் காட்டுவதும் உண்டு. ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய சில நாளில் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும்: எழுவார், திண்ணைக்கும் வாசலுக்கும் நடப்பார், உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இதன் பெயர் அகாதீசியா. நோய் முற்றிவிட்டது என்று அளவைக் கூட்டினால் தவிப்பு கூடும். இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர் வெயிலில் வேர்த்துக் கொட்டி, உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். நாக்குக் குழறும், நடை தள்ளாடும்.

ஆகவே துணையாக இருப்பவர் செய்யக்கூடியதில் பெரியது எழுதி வைப்பது. முதல் மாற்றம் தெரிந்த தேதி, அதற்கு முன் காய்ச்சல் இருந்ததா, எத்தனை மணி நேரத் தூக்கம், மாத்திரை எப்போது தொடங்கியது அல்லது கூட்டப்பட்டது, அதன் பிறகு என்ன மாறியது. ‘சந்தேகப்படுகிறார்’ என்பதைவிட ‘செவ்வாய் ராத்திரி சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளினார்’ என்பது மருத்துவருக்கு உதவும். வலிப்பு மாதிரி ஏதாவது வந்தால் போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ பத்து வாக்கியத்துக்கு மேல். பழைய சீட்டுகளை வருட வரிசையில் அடுக்கி எடுத்துப் போக வேண்டும். பச்சிலை, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ‘இது தவறு’ என்று வாதாடுவதைவிட ‘வேறு எந்தெந்த நோய் இல்லை என்று பார்த்தாகிவிட்டது?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

சந்தேகம் வந்தவுடன் மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பும். தூக்க மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். இரண்டாவது கருத்து கேட்கும்வரை முதல் மருந்து தொடர வேண்டும். இரண்டாவது மருத்துவரும் அதே பெயரைச் சொன்னால் அதுவும் பயனுள்ள விடைதான். முதலில் சொன்ன பெயரே சரியாக இருப்பதும் உண்டு. கணவன் மனைவிக்குள் சண்டை இருக்கும் வீட்டில் துணையின் வார்த்தையை மருத்துவர் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். அண்ணனோ கொழுந்தனாரோ கூடப் போய் அதையே சொன்னால் கனம் கூடும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 எண்ணை நோயாளி மட்டுமல்லாமல் குடும்பத்தாரும் அழைக்கலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கும் உரிமையும், மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அந்தப் பிரதிநிதி கணவனாகவோ மனைவியாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 13-ம் பிரிவு மனநோயை மணமுறிவுக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருப்பதால், தவறான பெயர் வழக்கு வரைக்கும் போகும். மனச்சிதைவு என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் கடுமையானது என்று நிரூபிக்க வேண்டும் என 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவிக்கு மனச்சிதைவு என்று கூறி மணமுறிவு கேட்ட மருத்துவர் ஒருவரின் வழக்கிலும் 2013-ல் அதே நிலையை எடுத்து, அவர் கேட்டதை மறுத்தது.