ஆடி – புரட்டாதி, எந்த ஆண்டு?

கடந்த மாரியில் பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் என்னைத் தேடி ஸ்காபரோவுக்கு வந்தார். கையில் ஒரு சிறுகதையின் போட்டோப்பிரதி. ஒன்பது பக்கங்கள். யாழ்ப்பாணத்துத் தையற்காரர் ஒருவரின் குடும்பம், இரண்டு மணி நேர அவகாசத்தில், தைத்து முடிக்காத சட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஊரை விட்டு நடக்கிற கதை. அது ஒரு முஸ்லிம் குடும்பம். கதை வெளியான சஞ்சிகையை நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து இந்த நகரத்தில் சில காலம் நடத்தினோம்.

“அங்கிள், இது எந்த வருசம் வந்தது?” என்று கேட்டார்.

இலகுவான கேள்வி என்று நினைத்து அட்டையைப் பார்த்தேன். ‘இதழ் 5, ஆடி – புரட்டாதி’ என்றிருந்தது. ஆண்டு இல்லை. உள்ளே புரட்டினேன். ஆசிரியர் குழுவின் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஊர்கூட இல்லை. கதையை எழுதியவரின் புனைபெயர் பொருளடக்கத்தில் ஒரு விதமாகவும் கதையின் தலைப்பில் இன்னொரு விதமாகவும் அச்சாகியிருந்தது. 1991 என்றேன் நான். தொலைபேசியில் கேட்டபோது நண்பர் ஒருவர் 1993 என்றார். மற்றவர் ஞாபகமில்லை என்றார்.

இந்த இரண்டு வருட வித்தியாசம் அந்தப் பிள்ளையின் ஆய்வுக்கு மிக முக்கியமானது. 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது புகலிடத்தில் எழுதியவர்கள் உடனே பேசினார்களா, மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் பேசினார்களா என்பது எம்மிடையே இன்றைக்கும் முடியாத விவாதம். கதை ஓராண்டுக்குள் அச்சானதென்றால் அது ஒரு சாட்சியம். மூன்றாண்டுக்குப் பின்னரென்றால் அதன் பெறுமதி வேறு. எழுதியவர் இன்று உயிரோடில்லை. அவர் அன்று பேசினார் என்பதை நிறுவக்கூடிய ஒரே சான்று எமது சஞ்சிகைதான். அந்தச் சான்றில் திகதி போட மறந்தவர்கள் நாங்கள்.

இந்த வெட்கத்திலிருந்துதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நூலகவியலாளர் ‘மீதரவு’ என்றொரு சொல்லைப் பாவிக்கின்றனர். ஒரு பிரதியைப் பற்றிய தரவு என்பது அதன் பொருள். தலைப்பு, எழுதியவர், மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர், ஊர், ஆண்டு, இதழ் எண், பக்கம், பொருள், மொழி ஆகியன அதில் அடங்கும். புதிய சொல்லென்றாலும் விடயம் பழையது. ஜோன் மேர்டொக் 1865 இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியல் இதைத்தான் செய்தது. எமது ஊர் நூலகங்களில் மரப்பெட்டிக்குள் அடுக்கியிருந்த அட்டைகளும் இதைத்தான் செய்தன.

ஒரு சஞ்சிகை நூலகத்துக்குள் போன பின் நடப்பதைப் பார்ப்போம். பட்டியலாளர் அதைக் கையிலெடுக்கிறார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பிரதி தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதையே அவர் பதிய வேண்டும். ஆண்டு இல்லையென்றால் ஊகித்து [1991?] என்று சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியுடன் எழுதுவார். ஊர் இல்லையென்றால் ‘வெளியீட்டு இடம் தெரியாது’ என்பார். அந்தப் பதிவை வேறு நூலகங்கள் அப்படியே பிரதி செய்துகொள்ளும். அத்துடன் ஒருவரது ஊகம் பத்து நூலகங்களின் தகவலாகிவிடும். நாம் அரைப்பக்கத்தில் எழுதத் தவறியதை, எம்மை அறியாத ஒருவர் தமக்கிருக்கும் சில நிமிடங்களில் எமக்காக எழுதிவிடுகிறார்.

இனிப் பெயர்களின் சிக்கல். யாழ்ப்பாணத்தில் 1974 இல் தொடங்கிய கலை இலக்கியச் சஞ்சிகையின் பெயர் தாயகம். பின்னர் ரொறன்ரோவிலும் ஒரு தாயகம் வெளிவந்தது. ஊரையும் ஆண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரே சொல். ஒன்றில் எழுதியவரின் கருத்தை மற்றதன் கணக்கில் எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்பதை இரண்டையும் வாசித்தவர்கள் அறிவார்கள். ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் எட்டிலக்கச் சஞ்சிகை எண் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இருக்கிறது. ஒரே பெயருள்ள சஞ்சிகைகளுக்கு வேறு வேறு எண் கிடைக்கும். பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஊரையோ வேறு அடையாளத்தையோ சேர்த்துப் பிரித்துக் காட்டுவர்.

அடுத்தது எழுத்து. பேராசிரியர் சிவத்தம்பி தம் ஆங்கில நூல்களில் பெயரை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கினார். வட அமெரிக்க நூலகங்கள் தமிழை உரோம எழுத்தில் பெயர்க்கும் முறையிலோ ‘ச’ வுக்கு ‘சீ’ என்ற எழுத்துத்தான். ஆகவே அவருடைய தமிழ் நூல்கள் ஓரிடத்திலும் ஆங்கில நூல்கள் வேறிடத்திலும் நின்றுவிடலாம். இரண்டும் ஒருவரே என்று சொல்லும் பெயர்ப்பதிவு இருந்தால்தான் வாசகர் இரண்டையும் ஒன்றாகக் காண்பார். அவர் போன்ற பெரிய அறிஞருக்கு யாரோ அந்த வேலையைச் செய்வார்கள். இரண்டு கதை மட்டும் எழுதிவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனவருக்கு யார் செய்வார்கள்?

எங்கள் நகரத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோ, ரொறொன்ரோ, டொரோண்டோ, டொராண்டோ என்று நாமே நான்கு விதமாக எழுதுகிறோம். கண்ணுக்கு அவை ஒன்று. கணனிக்கு அவை நான்கு ஊர்கள்.

கணனி வந்ததும் எல்லாம் தானாகவே தேடக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எம்மவரிடம் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. பழைய நெகிழ்தட்டிலிருந்து எமது இதழ்களின் கோப்புக்களை மீட்டபோது அது கலைந்தது. நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தோம். அதில் ‘தமிழ்’ என்ற சொல், கணனியைப் பொறுத்தவரை, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் இல்லை. பக்கங்களை வருடியெடுத்தாலோ அவை வெறும் படங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் மங்கிய போட்டோப்பிரதியில் அவை தடுமாறும். எந்த மென்பொருளாலும் அச்சில் இல்லாத ஆண்டை வாசிக்க முடியாது.

இதெல்லாம் நூலகர்களின் கவலை, எமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாம் நூலகம் எரிந்ததைப் பார்த்த மக்கள். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தவை சுமார் 97,000 என்று எல்லோரும் சொல்வோம். அவற்றுள் ஐந்து பத்துத் தலைப்புக்களுக்கு மேல் சொல்ல எம்மில் எத்தனை பேரால் முடியும்? எண்ணிக்கையை மட்டும் வைத்து இழந்ததைத் தேடிப் பிடிக்க முடியாது. தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் தெரிந்தால் இன்னொரு பிரதியை எங்காவது தேடலாம். 1994 மே மாதத்தில் இதே ரொறன்ரோவில் தேடகத்தின் நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. முதலாவதை எரித்தது அரசின் ஆட்கள் என்று சொல்லி எம்மால் ஆறுதலடைய முடிந்தது. இரண்டாவதன்போது அந்த ஆறுதலும் இருக்கவில்லை.

இவற்றுக்குப் பின்னர் சிலர் அமைதியாக வேலை செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வாழும் நூலகர் என். செல்வராஜா 2002 இல் நூல்தேட்டத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், அச்சகம், ஆண்டு, பக்கம், அளவு, ஒரு சிறு குறிப்பு. தொடர்ந்து பல தொகுதிகள் வந்துவிட்டன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் விபரமும் கொடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. இவர்களது உழைப்பில் எவ்வளவு பங்கு நாம் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதில் கழிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சங்கடமாயிருக்கிறது.

ஆனால் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நாம் விபரம் போடாமல் விட்டது முழுவதும் கவலையீனமல்ல. பயமும்தான். 1994 மே 1 ஆம் திகதி பாரிஸில் சபாலிங்கம் அவரது வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்தது எழுத்தும் பதிப்பும். அந்தக் காலத்தில் ஆசிரியர் குழுவின் பெயரையும் முகவரியையும் அச்சிடுவது ஊரில் இருக்கும் தாய் தகப்பனையும் சேர்த்து அச்சிடுவது போல. இன்னொரு பயம், அரசுகள் மீதானது. அகதி விண்ணப்பம் நிலுவையிலிருந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் தம் பெயர் வருவதை விரும்பவில்லை. அரசிடமிருந்து தப்பி வந்தவர்கள் தம் சஞ்சிகைக்கு இன்னோர் அரசிடம் போய் எண் கேட்பதா என்று அப்போது ஒரு நண்பர் கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. ஆளைப் பற்றிய விபரமும் பிரதியைப் பற்றிய விபரமும் வேறு வேறு. ஆண்டு, ஊர், இதழ் எண் இவற்றால் எவரையும் பிடித்துவிட முடியாது. புனைபெயரும் ஒரு முழுமையான ஆசிரியர் பெயர்தான், அதை ஒரே எழுத்துக்கூட்டலில் எப்போதும் பாவித்தால். நூலகப் பதிவேடுகள் அதை ஏற்கும். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதை எழுதி ஒட்டிய உறையில் நம்பிக்கையான ஒருவரிடம் வைக்கலாம். எப்போது திறப்பது என்பதை எழுதியவரோ அவருடைய குடும்பமோ தீர்மானிக்கட்டும். இந்த இடத்தில் ஆய்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியல் பூரணமாக வேண்டும் என்பதற்காக ஒருவரின் முகத்திரையை அவருடைய சம்மதமின்றி விலக்காதீர்கள்.

நாம் சொல்லாவிட்டால் பிறர் சொல்வார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்தலைப்புப் பட்டியலில் நாம் ‘தமிழர் (இண்டிக் மக்கள்)’ என்றே நிற்கிறோம். உலகில் பல நூலகங்கள் அந்தப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அகதி எழுத்து, சாதி பற்றிய விவாதம், பெண்களின் குரல், முஸ்லிம்களின் வெளியேற்றம் என்று எமது இதழ்கள் பேசியதை, பொருளடக்கத்திலாவது நாமே தெளிவாகச் சொல்லாவிட்டால் அவை அந்த ஒற்றைத் தலைப்பின் கீழ் மறைந்துபோகும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. சஞ்சிகையின் இரண்டாம் பக்கத்தில் அரைப்பக்கம் போதும். பெயர், அதை ஆங்கில எழுத்தில் எழுதும் ஒரே வடிவம், தொடர் இதழ் எண், மாதம், ஆண்டு, ஊர், நாடு. மாதத்தையும் ஆண்டையும் கிரகோரியன் கணக்கில் போடுங்கள். ஈழத்தில் நாம் ஆடியை யூலைக்குச் சமமாக எழுதிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டு வாசகருக்கு அது யூலை நடுவில்தான் தொடங்குகிறது. பழைய நூல்களில் உள்ளதுபோல் ‘ஆனந்த வருடம்’ என்று மட்டும் போட்டால் அது 1914 ஆகவும் இருக்கலாம், 1974 ஆகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பென்றால் மூல ஆசிரியர், மூலத் தலைப்பு, எந்த மொழியிலிருந்து, யார் பெயர்த்தது என்பன. மறுபிரசுரமென்றால் முதலில் எங்கே எப்போது வந்தது என்பது. இணைய நூலகங்கள் சேமிக்கலாமா என்று ஒரு வரி.

கனடாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் ஒட்டாவாவிலுள்ள தேசிய நூலக, ஆவணகத்திடம் இலவசமாகப் பெறலாம். நூற்றுக்கு மேல் பிரதிகள் அச்சிட்டால் இரண்டை அங்கே ஒப்படைக்க வேண்டுமென்பது சட்டம். சட்டம் மொழி பார்ப்பதில்லை. எங்கள் நால்வரின் சஞ்சிகை தபாற்செலவை மிச்சம் பிடித்தது. அதன் விலையை இப்போது கொடுக்கிறோம்.

அந்தக் கதையின் ஆண்டு பின்னர் தெரியவந்தது. நண்பரொருவரின் நிலவறையில், உறையில்லாமல் பின்னட்டையிலேயே முகவரி எழுதி முத்திரை ஒட்டி அனுப்பிய ஒரு பிரதி கிடந்தது. தபாற்கந்தோரின் அடி தெளிவாக விழுந்திருந்தது: 1991 செப்ரெம்பர். மாணவி அதைப் படம் எடுத்துக்கொண்டார். வெளியேற்றம் நடந்து ஓராண்டு நிறைவதற்குள், பெயர் சொல்ல அஞ்சிய ஒரு மனிதர், பெயர் சொல்ல அஞ்சிய ஒரு சஞ்சிகையில் அதை எழுதியிருக்கிறார்.

மற்ற இதழ்களுக்கு அப்படியொரு தபால் அடி கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் நாங்கள் மூவரும் அடுத்த மாதம் கூடி, ஞாபகமுள்ளதை ஒவ்வொரு பிரதியிலும் பென்சிலால் எழுதப் போகிறோம். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுவோம். பழைய இதழ்களைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் நண்பர்களும், யாராவது ஞாபகமுள்ளவர்கள் இருக்கும்போதே, அவ்வாறு செய்யவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.