ஜீப்பிலிருந்து டாங்குகளை எதிர்த்த அப்துல் ஹமீது

1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 10 அன்று, பஞ்சாபின் கேம்கரண் பகுதியிலுள்ள சீமா கிராமத்தருகே பாகிஸ்தானின் பேட்டன் டாங்குகள் முன்னேறி வந்தபோது, கிரெனேடியர்ஸ் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியுடன் அவற்றை எதிர்கொண்டார். சுடும்போது எழும் வாயுவின் ஒரு பகுதியைப் பின்புறமாக வெளியேற்றி உதைப்பைத் தவிர்க்கும் இவ்வகைப் பீரங்கி, ஜீப்பில் ஏற்றும் அளவுக்கு எடை குறைந்தது; ஆயினும் ஒவ்வொரு முறையும் பின்னால் கிளம்பும் தீப்பிழம்பும் புழுதியும் சுடுபவரின் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதாலும், ஜீப்புக்குக் கவசம் இல்லை என்பதாலும், சுட்டவுடன் இடம் மாறுவதே உயிர் தப்பும் வழியாகும். குண்டுமழைக்கிடையே பக்கவாட்டில் நகர்ந்து முன்னணி டாங்கை வீழ்த்திய ஹமீது, இடம் மாறி மற்றொன்றையும் தகர்த்தார். ஜீப்பைக் கண்டுகொண்ட எதிரிகள் இயந்திரத் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் தாக்கிய பின்னரும் சுடுவதை நிறுத்தாத அவர், குண்டு தாக்கி வீரமரணம் எய்தினார். அவரது துணிவால் ஊக்கம் பெற்ற தோழர்கள் உறுதியுடன் போரிட்டு அந்த டாங்குத் தாக்குதலை முறியடித்தனர். போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் மிக உயரிய விருதான பரம்வீர் சக்கரம், மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.