இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம், இயக்கும் திறனை?

புது தில்லி: சுழலும் பட்டை இல்லை, சங்கிலி இல்லை, பற்சக்கரமும் இல்லை. வளைந்து செல்லும் உலோகத் தடத்தின் மீது சிறு வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன. ஒன்று நின்று மருந்துப் புட்டியை நிரப்பிக் கொள்ளும்போது, மற்றொன்று விரைந்து சென்று அடுத்த இடத்தைப் பிடிக்கிறது. தொழிற்சாலைகளில் பொருள்களை நகர்த்தும் கன்வேயரின் புதிய வடிவம் இது.

தடத்தினுள் கம்பிச்சுருள்கள், வண்டியில் நிலைக்காந்தம். சுருள்களில் மின்சாரத்தை அடுத்தடுத்துப் பாய்ச்சினால் காந்தம் இழுபட்டு வண்டி நகர்கிறது. ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடியும் என்பதே இதன் சிறப்பு. பழைய கன்வேயரில் புட்டியின் அளவு மாறினால் உதிரிபாகங்களைக் கழற்றி மாட்ட வேண்டும். இதில் பெரும்பாலும் நிரலில் சில எண்களை மாற்றினாலே போதும்.

ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2012-இல் இவ்வகைச் சாதனத்தை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் ராக்வெல் ஆட்டோமேஷன் 2016-இல் மேக்னிமோஷன் நிறுவனத்தை வாங்கி இத்துறையில் வலுப்பெற்றது. மருந்து, மின்னணுப் பொருள், மின்கலத் தயாரிப்பு ஆகியவை இதற்கு ஏற்ற துறைகள்.

இந்தியாவும் ஊக்குவிக்க விரும்பும் துறைகள் இவையே. உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகையாக 13 துறைகளுக்கு 5 ஆண்டுகளில் சுமார் ரூ. 1.97 லட்சம் கோடி வழங்கப்படும் என்று 2021 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம், நவீன மின்கலங்களுக்கென ரூ. 18,100 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆலையை 2 ஆண்டுகளில் அமைக்க வேண்டும். அதன் பின்னர் 5 ஆண்டுகளில், விற்பனையின் அடிப்படையில் தொகை வழங்கப்படும் என்பது அதன் விதி. எனவே இயந்திரம் வந்து இறங்கினால் மட்டும் போதாது. குறித்த காலத்தில் ஓடவும் வேண்டும்.

சிக்கல் எங்கே?: காந்தக் கன்வேயரை இயக்கத்துக்குக் கொண்டு வருவது எளிதன்று. முதலில் தடத்தின் துண்டுகளை மட்டம் பார்த்து, இணைப்புகளில் பிசகின்றிப் பொருத்த வேண்டும். அடுத்து, சுமையுடன் ஓடும் வண்டி குலுங்காமல் நிற்கும்படி கட்டுப்பாட்டு அளவுகளைச் சரிசெய்ய வேண்டும். வண்டிகளுக்கு இடையிலான குறைந்தபட்ச இடைவெளி, பக்கத்தில் உள்ள ரோபோவுடன் ஒத்திசைவு, ஆபத்து நேரத்தில் நிறுத்தும் ஏற்பாடு ஆகிய அனைத்தையும் நிரலில் எழுத வேண்டும். இதனால் கணினியில் மாதிரித் தடம் அமைத்து ஓட்டிப் பார்த்த பிறகே ஆலையில் சோதனை தொடங்குவது வழக்கம்.

மின்தடைக்குப் பிறகு மீண்டும் தொடங்குவது மற்றொரு சோதனை. நின்றுபோன வண்டிகளை யாரேனும் கையால் மாற்றி வைத்திருந்தால், எந்த வண்டியில் எந்தப் பொருள் என்ற கணக்கு குழம்பிவிடும். அதைக் கண்டறிய நிரலில் வழி செய்யாவிட்டால், சோதனையில் தோற்ற பொருள் தேறியதாகப் பதிவாகக் கூடும். மருந்திலும் மின்கலத்திலும் இது சிறு பிழை அல்ல.

பராமரிப்புக்கும் தனிப் பயிற்சி தேவை. வலுவான காந்தங்கள் விரல்களை நசுக்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் செல்லக் கூடாது.

விசாவும் பயிற்சியும்: இந்தத் திறனுக்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பர்களை நம்பியிருக்கும் நிலையை அரசின் நடவடிக்கைகளே காட்டுகின்றன. ஊக்கத்தொகைத் திட்டத் துறைகளுக்கு வரும் தொழில்நுட்பர்களுக்கு 2024-இல் விசா நடைமுறை எளிதாக்கப்பட்டது. இயந்திரங்களை நிறுவவும் இயக்கிக் காட்டவும் வருவோருக்கு 2026 ஜனவரி முதல் தனி மின்னணு வணிக விசாப் பிரிவும் நடைமுறைக்கு வந்தது.

காந்தத்துக்கும் திட்டம் உண்டு. அரிய மண் நிலைக்காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ. 7,280 கோடித் திட்டத்துக்கு 2025 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திறனுக்கான திட்டம் அதற்கு முன்பே, 2025 மே மாதத்தில் வந்துவிட்டது. ரூ. 60,000 கோடியில் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்துவதும், சென்னை, ஹைதராபாத், கான்பூர், லூதியாணா, புவனேசுவரம் ஆகிய 5 இடங்களில் தேசியத் திறன் மையங்களை அமைப்பதும் அதன் நோக்கம்.

கட்டடமும் கருவிகளும் வாங்குவதோடு அத்திட்டம் நின்றுவிடக் கூடாது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பயிலும் மாணவர் பி.எல்.சி. நிரலைப் படிக்கவும், அதில் பிழை கண்டு திருத்தவும் கற்றாக வேண்டும். அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் முதலில் ஆலையில் பழக வேண்டும்.

இரவுப் பணியின்போது மின்சாரம் போய் வந்ததும், வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேசாமல் கன்வேயரை மீண்டும் ஓட்டத் தெரிந்த ஒருவர் ஆலையில் இருக்கிறாரா என்பதைக் கொண்டே இத்திட்டங்களின் வெற்றியைக் கணிக்க முடியும்.